பதிவேட்டின் ஓரத்தில் விட்ட இடம்

நமது பங்கு இல்லத்தின் அலுவல் அறையில் பழைய தேக்கு அலமாரி ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு, உறுதிபூசுதல் பதிவேடு, திருமணப் பதிவேடு, மரணப் பதிவேடு என்று யாவும் ஆண்டு வரிசையில் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மற்ற மாதங்களில் அவற்றைத் தேடுவார் இல்லை. திருமணக் காலம் வந்துவிட்டாலோ அலமாரியின் கதவைச் சாத்துவதற்கே நேரம் கிடைப்பதில்லை. ஓலை வாசிக்க வேண்டும், சான்று வேண்டும் என்று காலை முதல் மாலை வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பர்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் மாலை, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் மகளின் ஞானஸ்நானச் சான்றுக்காக வந்தார். மகளின் வரியைத் தேடி எடுத்து எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை. தம்முடைய பெயரும் இந்த அலமாரியில்தானே இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் பிறந்த ஆண்டைக் கேட்டு அதற்குரிய பதிவேட்டை இறக்கிப் புரட்டினோம். மை மங்கிப்போன ஒற்றை வரி. பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்த குருவின் கையொப்பம். அந்த வரியின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வராந்தாவுக்கு வந்து, படியில் இறங்குமுன் சொன்னார்:

"பேருதான் சாமி கிறிஸ்தவன். அம்பது வருசமா ஆளு அதே ஆளுதான். குடிய விட்டுருவேன்னு மாதா முன்னால எத்தனை தடவ சத்தியம் பண்ணியாச்சு. எனக்கு ஊத்தின தண்ணி பிடிக்காமப் போச்சோன்னு தோணுது."

இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்பட்டதன்று. வராந்தாவில் நின்று பேசிய பேச்சு. இதனை எழுத அவரிடமே இசைவு பெற்றோம். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார்.

நாம் அவருக்குச் சொன்ன பதிலையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். "மனவுறுதி வேண்டும். மனம் வைத்தால் முடியாதது உண்டா? இன்று முதல் புதிய மனிதனாக இருப்பேன் என்று தீர்மானம் செய்யுங்கள்" என்றோம். அவர் தலையை ஆட்டினார். சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மகளின் திருமணத்தன்று கோயிலின் கடைசித் தூணருகே நின்றிருந்தார். விருந்துக்கு முன்பே காணாமற்போனார். அதன்பின் ஞாயிறு திருப்பலியிலும் அவரைக் காணவில்லை.

அந்த மாலை நாம் செய்த பிழை இன்னதென்பது அன்றிரவு செபமாலை சொல்லும்போதுதான் நமக்கு உறைத்தது. மனிதன் தன் மனவலிமையால் தானே நல்லவனாகிவிடலாம் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்னும் துறவி போதித்தார். புனித அகுஸ்தீனார் அதை எதிர்த்து எழுதினார். 418-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கம் அதைத் தவறு என்று தள்ளிற்று. இவற்றையெல்லாம் குருமடத்தில் பரீட்சைக்குப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். வராந்தாவிலோ பெலாஜியுசின் போதனையையே, அதுவும் தம் மனவலிமை உடைந்துபோயிற்று என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரிடம், எடுத்துச் சொல்லி அனுப்பினோம்! உடைந்த கயிற்றை அவர் கையில் கொடுத்து, இதையே பிடித்து ஏறு என்றது போலாயிற்று.

அவர் கேட்ட கேள்விக்குத் திருச்சபையிடம் வேறு பதில் இருக்கிறது. "தண்ணீர் பிடிக்காமற்போயிற்றோ" என்பது ஒரு விசுவாசிக்கு எழத்தக்க கேள்விதான். ஆனால் எழவேண்டிய அச்சம் அன்று. ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது, ஆகையால் அது இரண்டாம் முறை கொடுக்கப்படுவதில்லை என்று திரெந்து நகரப் பொதுச்சங்கம் 1547-ஆம் ஆண்டில் வரையறுத்தது. அந்த முத்திரையைப் பெறுபவனின் தகுதியைப் பார்த்துப் பதிப்பவர் கடவுள் அல்லர். கைக்குழந்தைக்கு என்ன தகுதி இருக்கிறது? பாலுக்கு அழுவதைத் தவிர அது ஒன்றும் செய்வதில்லை. அந்நிலையிலேயே கடவுள் அதைத் தமது பிள்ளையாக ஏற்கிறார். குடிகாரன் ஆனாலும், கோயில் பக்கமே வராதவன் ஆனாலும் அந்த முத்திரை அழிவதில்லை.

அதே சங்கம், அதே ஆண்டில், இன்னொன்றையும் சொல்லிற்று: கடவுளின் அருளால் நீதிமானாக்கப்பட்டவன் அதோடு நின்றுவிடுவதில்லை, அவ்வருளோடு ஒத்துழைத்து நாளுக்கு நாள் அதில் வளர்கிறான். முத்திரை ஒரே நாளில் விழுந்துவிடும். அதற்கேற்ற மனிதன் உருவாவதற்கோ ஓர் ஆயுட்காலம் பிடிக்கும். உருவாக்குகிறவர் கடவுள். சின்னப்பர் சிறையிலிருந்து பிலிப்பு நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்கத்திலேயே, உங்களிடத்தில் நற்செயலைத் தொடங்கியவர் கிறிஸ்துவின் நாள்வரை அதை நடத்தி முடிப்பார் என்ற தம் நம்பிக்கையைச் சொல்கிறார். அதே திருமுகத்தில், தாம் இன்னும் நிறைவை எட்டிவிடவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். புறவினத்தாரின் திருத்தூதர் ஒருவரே இப்படிச் சொல்வாரானால் நாம் எம்மாத்திரம்!

பதிவேட்டிலும் இந்த உண்மையின் அடையாளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓரம் விடப்பட்டிருக்கும். உறுதிபூசுதல் பெற்றால் அதையும், திருமணம் ஆனால் அதையும், குருப்பட்டம் பெற்றாலோ துறவற சபையில் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தாலோ அதையும் அந்த ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஒருவர் வேறெந்த ஊரில் மணம் முடித்தாலும் அங்குள்ள பங்குக் குரு ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு அறிவிப்பு அனுப்புகிறார். வரியின் ஓரத்தில் அது ஏறுகிறது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அந்த ஓரம் வெறுமையாகவே இருக்கும். மூன்று அங்குல இடத்தில் என்ன வரப்போகிறது என்பது எழுதுகிற குருவுக்கும் தெரியாது. தாய் தந்தையருக்கும் தெரியாது.

நமது வீடுகளில் ஞானஸ்நானம் நடக்கும் விதத்தையும் இங்கே சற்று நினைத்துப் பார்க்கலாம். பந்தல், பிரியாணி, புகைப்படக்காரர், ஒளிப்படக் கருவியோடு வானத்தில் பறக்கும் யந்திரம்! ஞானத்தாய் எத்தனை பவுனில் சங்கிலி போடுவார் என்பதைப் பார்த்தே ஞானத்தாயைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் நம்மிடையே இல்லாமலில்லை. ஏற்றிய மெழுகுதிரி அன்று மாலையே எங்கே போயிற்று என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. விழா முடிந்தது, கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். இந்த நினைப்பும், "அதே ஆளுதான் சாமி" என்ற அந்தத் தொழிலாளியின் மனச்சோர்வும் ஒரே வேரில் முளைத்தவை. ஞானஸ்நானத்தை முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியாகக் கருதுகிறவர், ஒன்றில் அதை மறந்துவிடுவார். அல்லது தம்மைப் பார்த்து ஏமாந்துபோவார்.

நமது தென்கோடியிலேயே வாழ்ந்த ஒருவரின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட படைத்தலைவர் டிலனாய் பின்னர் மன்னரின் சேவையிலேயே சேர்ந்தார். கத்தோலிக்கரான அவரோடு நீலகண்டனுக்கு நட்பு உண்டாயிற்று. குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வந்த வரலாறு. அதிலிருந்து தொடங்கிய தேடல் அவரை நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்குக் கொண்டு சென்றது. 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், அங்கே இருந்த இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

பெற்ற பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். எபிரேய மொழியில் அப்பெயரின் பொருள், கடவுள் உதவினார் என்பதாகும். இந்தப் பெயரை நாம் எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறோம். அதன் பொருளைச் சிந்தித்ததில்லை. வீரன், அறிஞன், செல்வன் என்று பெயருடையவனின் சிறப்பைச் சொல்லும் பெயர்கள் உண்டு. இந்தப் பெயரிலோ செயல் முழுவதும் கடவுளுடையது. ஓர் அரண்மனை அலுவலர், செல்வாக்குள்ள குடும்பத்தவர், தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரு பெயரை முப்பத்து மூன்றாம் வயதில் ஏற்றுக்கொண்டார்.

அன்றே அவர் புனிதராகிவிட்டாரா? அந்த நாளுக்கும் அவர் உயிர் துறந்த நாளுக்கும் இடையே ஆறு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் உள்ளன. முதல் நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தன. வீட்டில் வாழ்ந்தார், மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லா மக்களோடும் பழகலானார். அக்காலத்தில் அது அவருடைய குலத்தார் எவரும் செய்யத் துணியாத செயல். இந்தச் சாதாரண ஆண்டுகளைப் பற்றி நாம் பிரசங்கங்களில் பேசுவதே இல்லை. நேரே சிறைக்கும் துப்பாக்கிக்கும் தாவிவிடுகிறோம். நமது எண்ணத்தில், சிறையைத் தாங்கிய மனிதன் உருவானது அந்த நான்கு ஆண்டுகளில்தான். அண்டை வீட்டாரோடு எப்படிப் பழகுவது, யாரோடு அமர்ந்து உண்பது என்ற சின்னஞ்சிறு காரியங்களில் கடவுள் அவரைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

1749-ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர்ஊராகக் கொண்டு சென்றார்கள், அடித்தார்கள், புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். பெருவிளையில் ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். மரத்தடியில் விலங்கிட்டுக் கிடந்த அவரைத் தேடி மக்கள் ஆறுதல் பெற வந்தார்கள். அரண்மனையில் இருந்தபோது அவரிடம் அலுவல் நிமித்தம் வந்தவர்கள் பலர் இருந்திருப்பர். ஆன்ம ஆறுதலுக்காக வந்தவர் யாராவது உண்டோ? எதற்காகத் தாம் அழைக்கப்பட்டார் என்பது, எங்கும் போக முடியாமல் கட்டப்பட்ட பிறகே அவருக்கு வெளிச்சமாயிற்று. நோயாலோ முதுமையாலோ கட்டிலோடு கிடக்கும் நமது பங்குப் பெரியவர்களுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் பெருவிளை மரம் நமக்கு நினைவுக்கு வருவதுண்டு. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் வரலாறு அத்தோடும் முடியவில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, தேவசகாயம் என்ற பெயரோடு அவர் குலத்தைச் சுட்டும் பட்டமும் சேர்ந்தே இருந்தது. வேற்றுமை பாராமல் வாழ்ந்தவருக்கு அந்தப் பட்டம் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. உரோமைக்கு விண்ணப்பம் சென்றது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது, பட்டம் இல்லாமல் தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே ஒலித்தது. வடக்கன்குளத்தில் பெற்ற அந்தப் பெயர் தனியே நிற்பதற்கு இருநூற்று எழுபத்தேழு ஆண்டுகள் ஆயின.

வடக்கன்குளம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனம் கூசினாலும் சொல்லியாக வேண்டும். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட திருக்குடும்ப ஆலயம், ஒரு பீடத்தைச் சுற்றி இரு தனித்தனிக் கூடங்களாகக் கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு கூடம். ஒரே அப்பத்தை உண்டவர்கள் ஒருவரை ஒருவர் பாராமல் உண்பதற்கு அத்தனை ஏற்பாடு! பிரித்து நின்ற சுவர் 1910-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினை கேட்டவர்கள் தோற்றார்கள். ஒரு தனி மனிதரிடம் ஆறு ஆண்டுகளில் முதிர்ந்த ஒன்று, அவர் தண்ணீர் பெற்ற ஊரின் ஆலயத்துக்குள் நுழைய நூற்று அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. மற்ற ஊர்களைச் சேர்ந்த நாம் அவர்களைக் குறைகூற வேண்டாம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே வேலி உள்ள பங்குகள் எவை, தேர் எந்தத் தெருவழியே போகாது என்பன நமக்குத் தெரியாதவை அல்ல.

தனி மனிதரைப் போலவே திருச்சபையும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு விவிலியத்திலேயே சான்று உண்டு. சீமோனுக்கு ஆண்டவர் இராயப்பர் என்று, பாறை என்று பெயரிட்டார். அந்தப் பாறை சேவல் கூவுமுன் மூன்று முறை நொறுங்கியதை நாம் அறிவோம். பரிசுத்த ஆவி இறங்கி வந்த பின்பாவது எல்லாம் சரியாகிவிட்டதா? அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி எழுந்து விலகிக்கொண்டார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். ஆண்டவர் இதற்காக அவருக்கு இட்ட பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பெயருக்கேற்ற பாறையாக அவரைச் செய்து முடித்தார். உரோமையில் அவர் இரத்தம் சிந்தும்வரை அந்த வேலை நடந்தது.

எல்லாக் கிறிஸ்தவர்களும், எந்த நிலையினராயினும், நிறைவான புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் அறிவித்ததும் இந்த அடிப்படையிலேதான். ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழிப்பில் குரு நம்மிடம் அதே கேள்விகளைக் கேட்கிறார். பசாசை விட்டுவிடுகிறீர்களா? தந்தையை விசுவசிக்கிறீர்களா? சென்ற ஆண்டு சொன்ன பதில் பொய்யாகிவிட்டது என்பதற்காகத் திருச்சபை இதைக் கேட்பதில்லை. அன்று நட்ட செடிக்கு இன்றும் தண்ணீர் வேண்டும், அதற்காகவே கேட்கிறாள்.

சரி, அந்தத் தொழிலாளியின் காரியத்துக்கு வருவோம்.

திருமணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, விடியற்காலையில் அவர் வேலை செய்யும் தோட்டத்துக்கே போனோம். நம்மைக் கண்டதும் கத்தியைப் பின்னால் மறைத்தார், ஏதோ குற்றம் செய்தவர்போல. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தோம் என்றதும் திகைத்துப்போனார். அன்று நாம் சொன்ன பதில் தவறு என்றோம். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. எனவே அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டோம். அதற்குமட்டும் அவருக்குச் சொற்கள் வந்தன. கன்று நட்டால் ஏறக்குறைய ஏழு வருடம் ஒரு சொட்டுப் பால் கிடையாது, காத்திருக்க வேண்டும். பிறகும் பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் பட்டால் உள்ளே காயமாகி, வளர்ந்து வரும் புதுப்பட்டையில் முடிச்சு விழும். "ஆனாலும் பட்டை வரும் சாமி. முடிச்சோட வரும். மரம் நாம நினைக்கிற மாதிரி இல்ல, உள்ளயிருந்து அதுவா கட்டிக்கிட்டே இருக்கும்" என்று, சிரட்டையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தண்ணீர் பிடித்ததா என்று அவர் கேட்ட கேள்வியை நாம் நினைவூட்டினோம். நாற்பது ஆண்டுகள் குடித்தும் அவர் இன்னும் வெட்கப்படுகிறாரே, தம் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அது யாருடைய வேலை என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

சனவரியில் பங்கு மக்கள் காற்றாடிமலைக்குத் திருயாத்திரை போனபோது அவரும் பேருந்தில் இருந்தார். தவக்காலத்தில் ஒரு முறை விழுந்தார். மனைவி அழுதுகொண்டு வந்து சொன்னார். மறுநாளே அவர் தாமாக வந்தார். முன்பு மாதக்கணக்கில் ஒளிந்திருப்பார். அரசு மருத்துவமனையில் மருந்துக்கு ஏற்பாடு செய்தோம். அருள் வேலை செய்கிறது என்பதற்காக மருந்தைத் தள்ள வேண்டியதில்லை. மருத்துவரின் கையும் கடவுளுடைய கருவிதான். பாஸ்காத் திருவிழிப்பில் மெழுகுதிரியோடு நின்றார். பெந்தகோஸ்தே முடிந்து மீண்டும் ஒரு முறை விழுந்தார், மீண்டும் வந்தார்.

சென்ற சனிக்கிழமை மாலை வந்தவர், தம்மோடு பால் வெட்டும் இன்னொருவரைப் பற்றிச் சொன்னார். அந்த ஆளுக்கும் இதே தொல்லைதான். கோயிலுக்குள் வர வெட்கப்படுகிறார். தாம் கூட்டிக்கொண்டு வந்தால் வராந்தாவில் உட்காரவைத்துப் பேச முடியுமா என்று கேட்டார். "நீங்க ரொம்பப் பேச வேண்டாம் சாமி. நானும் கூட இருக்கேன்" என்றார்.

வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வராந்தாவில் மூன்று நாற்காலிகள் போட்டுவைக்கும்படி கோயில்பிள்ளையிடம் சொல்லியாயிற்று.